பஞ்சுப் பந்து மோட்டார் துப்பாக்கியான கதை



பொங்கல் விடுமுறையில் பி பிளாக் பின்புறத் தோட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு நாள் அதுதான் பேச்சாக இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஃபோம் டார்ட் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏ பிளாக் அம்மா ஒருவரின் மூக்குக் கண்ணாடியில் ஒரு டார்ட் வந்து அடித்தது. சட்டம் வளைந்துபோனது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் புரை எடுத்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சுட்டவன் என் பேரன். ஒன்பது வயது. வாங்கிக் கொடுத்தவன் நான்.

அந்த அம்மா, "குழந்தைதானே சார், விடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கமிட்டியில் அப்படி விடவில்லை, விடவும் கூடாது. இந்தத் துப்பாக்கிகளை வளாகத்தில் முழுவதுமாகத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு தரப்பு. விளையாடுகிற வயதில் பிள்ளைகளை மறுபடியும் செல்போனுக்கே அனுப்பப் போகிறோமா என்று இன்னொரு தரப்பு. மே மாதப் பொதுக்குழுவில் இது முடிவாகும். "வேலைக் காலம் முழுக்கச் சின்ன மோட்டார்களோடு இருந்தவர் நீங்கள், முடிவெடுக்கும் முன் எல்லாரும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று செயலாளர் கேட்டார். குற்றவாளியிடமே விசாரணை அறிக்கை கேட்கிற மாதிரிதான் இது. ஆனாலும் வாங்கும் முன் படித்திருக்க வேண்டியதை வாங்கிய பின் படித்தேன். படித்ததில், ஒரு பொம்மை ஐம்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதற்கான பதில் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

காற்றழுத்தத்தால் சுடும் பொம்மைத் துப்பாக்கி ஃபோமுக்கு வெகுகாலம் முந்தியது. 1880களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பிளிமத் என்ற ஊரில், காற்றாலை செய்து விற்ற ஒரு கம்பெனி இருந்தது. காற்றாலை வாங்கும் விவசாயிக்கு இனாமாக ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். நம் ஊரில் குக்கர் வாங்கினால் கரண்டி கொடுப்பது போல. கொஞ்ச நாளில் கரண்டிக்காகவே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். காற்றாலையைக் கைவிட்டு, 1895இல் துப்பாக்கியின் பெயரான டெய்சி என்பதையே கம்பெனிக்கும் வைத்துக்கொண்டார்கள். அது எறிந்தது உலோகக் குண்டு. அமெரிக்கத் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாக "கண் போயிடும்டா" என்று திட்டியது அந்தத் துப்பாக்கியைப் பார்த்துத்தான். நம் தீபாவளி ரோல் கேப் துப்பாக்கி அதோடு ஒப்பிட்டால் சாது. அதிலிருந்து சத்தமும் புகையும்தான் வரும், எதுவும் பறந்து வராது.

ஃபோம் வந்தது இந்தப் பயத்துக்கு மாற்றாகத்தான். மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ரெயின் கையர் என்ற வடிவமைப்பாளர், 1966இல் கடைக்கு வந்த ட்விஸ்டர் விளையாட்டின் பின்னால் இருந்தவர். வண்ண வட்டம் போட்ட விரிப்பில் கையையும் காலையும் வைத்து எல்லாரும் சிக்கிக்கொண்டு விழுவார்களே, அந்த விளையாட்டுதான். 1960களின் இறுதியில் அவரும் அவர் கூட்டாளிகளும் ஆதிமனிதர்களை வைத்து ஒரு புது விளையாட்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாறைகளுக்குப் பதிலாக ஃபோம் துண்டுகள். விதிகளை எழுதிப் பார்த்தபோது ஆட்டம் சூடுபிடிக்கவில்லை. ஆனால் அந்த ஃபோம் பாறைகளை ஒருவர் மேல் ஒருவர் எறிவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. பாறையைக் கத்தரித்து உருண்டையாக்கினார்கள். ட்விஸ்டரை வெளியிட்ட மில்டன் பிராட்லி கம்பெனி இதை வேண்டாம் என்றது. மோனாப்பலிக்குப் பேர்போன பார்க்கர் பிரதர்ஸ் எடுத்துக்கொண்டது.

1970இல் நாலு அங்குல ஃபோம் பந்து நெர்ஃப் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பந்தயக் கார்கள் ஒன்றோடொன்று உரசும்போது அடி வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் கம்பிகளுக்கு நெர்ஃப் பார் என்று பெயர் உண்டு. அங்கிருந்துதான் பெயர் வந்தது என்கிறார்கள். வீட்டுக்குள் விளையாடக்கூடிய உலகின் முதல் பந்து என்று விளம்பரம் செய்தார்கள். விளக்கு உடையாது, ஜன்னல் உடையாது, கைக்குழந்தைக்கும் முதியவர்களுக்கும் அடிபடாது என்று உறுதி கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கும் மேல் விற்றது.

முதியவர்களுக்கு அடிபடாது என்ற அந்த உறுதியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ பிளாக் அம்மாவின் கண்ணாடி வளைந்த கதைக்கு அதுதான் ஆரம்பம். அந்த உறுதி பொய் இல்லை. பந்து இலேசு, எறிகிற கை குழந்தையின் கை. ஃபோமின் மென்மை பாதிப் பாதுகாப்பு என்றால் அந்தக் கையின் எல்லை மீதிப் பாதி. பெட்டியில் முதல் பாதியை மட்டும்தான் அச்சடித்திருந்தார்கள்.

1972இல் நெர்ஃப் ஃபுட்பால் வந்தது. மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியில் பந்தை உதைத்துப் புள்ளி சேர்ப்பவராக இருந்த ஃப்ரெட் காக்ஸ் கொடுத்த யோசனை அது. சிறுவர்கள் உதைத்தாலும் கால் வலிக்காத பந்து வேண்டும் என்பது நோக்கம். வெட்டிய ஃபோம் போதாது, அச்சில் ஊற்றிச் செய்த கொஞ்சம் கனமான ஃபோம் வேண்டும் என்று செய்தார்கள். காற்றில் நேராகப் போக எடை வேண்டும் அல்லவா. எடை கூடினால் அடியும் கூடும் என்பது அப்போது யாருக்கும் பெரிய கவலையாக இல்லை. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் நெர்ஃப் என்றால் கையால் எறிவதுதான்.

1989இல் பிளாஸ்ட்-எ-பால் வந்தது. சைக்கிள் பம்பை அமுக்குவது போல் அமுக்கினால் உள்ளே அடைபட்ட காற்று பந்தைத் தள்ளும். 1991இல் வில்லும் ஃபோம் அம்பும். 1992இல் ஷார்ப்ஷூட்டர், இன்று நாம் பார்க்கும் விரல் நீள டார்ட்டுக்கு மூத்த அண்ணன். இதற்கிடையே கம்பெனி கை மாறி மாறி, 1991இல் ஹாஸ்ப்ரோவிடம் போய்ச் சேர்ந்தது. ஹாஸ்ப்ரோ நமக்குப் புதிய பெயர் இல்லை. 1987இல் நம் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஃபன்ஸ்கூல் தொடங்கியது அவர்கள்தான். அந்த எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்தது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். டயருக்கு முன்னால் பலூன்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் லானி ஜான்சன். அலபாமா மாநிலத்தின் மொபில் நகரில் 1949இல் பிறந்தவர். கறுப்பினத்தவருக்குப் பல கதவுகள் மூடியிருந்த காலத்தில் டஸ்கீகீ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, அமெரிக்க விமானப் படையிலும் பிறகு நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலும் வேலை செய்தார். வியாழன் கோளுக்குப் போன கலிலியோ விண்கலத்தில் அவர் உழைப்பும் உண்டு. 1982இல் ஒரு நாள் வீட்டுக் குளியலறைக் குழாயில், வேதிப்பொருள் இல்லாமல் தண்ணீரை வைத்து இயங்கும் ஒரு வெப்பப் பம்பைச் சோதித்துக்கொண்டிருந்தார். குழாய் முனையிலிருந்து தண்ணீர் அறையின் குறுக்கே பீறிட்டு அடித்தது. பம்ப் ஒரு பக்கம் இருக்கட்டும், இது நல்ல பொம்மை ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. அதைக் கடைக்குக் கொண்டுவர எட்டு ஆண்டு ஆயிற்று. 1990இல் பவர் ட்ரெஞ்சர் என்றும், அடுத்த ஆண்டு சூப்பர் சோக்கர் என்றும் வந்தது. அமெரிக்காவில் கோடைகாலம் என்றாலே அந்தத் தண்ணீர்த் துப்பாக்கி என்று ஆனது.

அதைத் தயாரித்த லாராமி கம்பெனியை 1995இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. தண்ணீருக்குப் பயன்பட்ட காற்றழுத்த வித்தைகளை ஜான்சன் ஃபோம் டார்ட்டுக்கும் கொண்டுபோனார். உரிமத்தொகை சரியாக வரவில்லை என்று பின்னாளில் வழக்கு நடந்து, 2013இல் அவருக்கு 7.29 கோடி டாலர் கிடைத்தது. பொம்மைதானே என்று நாம் இலேசாகச் சொல்கிற சாமானுக்குள் எவ்வளவு பணமும் எவ்வளவு பொறியியலும் இருக்கிறது என்பதற்கு இந்த எண் போதும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் சக்தி குழந்தையின் கையிலிருந்துதான் வந்தது. பம்ப் அடிக்க வேண்டும், அல்லது ஸ்பிரிங்கை இழுத்து மாட்ட வேண்டும். ஒரு தடவை சுட்டால் மறுபடி இழுக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் எதிரே இருப்பவன் திரும்பிக்கொள்வான், ஓடிவிடுவான், அல்லது "நிறுத்துடா" என்று கத்துவான். இருபது தடவை இழுத்தால் பிஞ்சுக் கை வலிக்கும், ஆட்டம் தானாக இடைவேளைக்கு வரும். யாரும் திட்டமிட்டு வைக்காத பிரேக் இது.

மோட்டார் அந்த பிரேக்கைத்தான் எடுத்துவிட்டது.

மோட்டார் வைத்த மாதிரிகள் முன்பே ஆங்காங்கே வந்ததுண்டு. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 2008இல் வந்த வல்கனைத்தான். 25 டார்ட் கோர்த்த பெல்ட், நிறுத்திச் சுட முக்காலி, ஆறு டி அளவு பேட்டரி. நம் பழைய பெரிய டார்ச் லைட்டில் போடுகிற கட்டை. ஒரு கட்டை ஏறக்குறைய 140 கிராம். ஆறு கட்டை சேர்ந்தால் துப்பாக்கியை விடுங்கள், பேட்டரி மட்டுமே முக்கால் கிலோவுக்கு மேல். 2010இல் வந்த ஸ்டாம்பீடுக்கும் அதே ஆறு கட்டை. இரண்டிலும் மோட்டார் செய்தது, முன்பு கை செய்த வேலையை: ஸ்பிரிங்கை இழுத்து விடுவது. சத்தமும் எடையும் அதிகம், வேகம் பழையதுதான்.

2011இல் வந்த பாரிகேட் வேறு வழியில் போனது. மூன்று ஏஏ பேட்டரி, அதாவது சுவர்க் கடிகாரத்தில் போடுகிற சின்னக் கட்டை. பத்து டார்ட். ஸ்பிரிங்கே கிடையாது. உள்ளே எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சின்னச் சக்கரங்கள். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி டார்ட்டின் பருமனைவிடச் சற்றுக் குறைவு. டார்ட்டின் மூக்கு அங்கே தொட்டதும் சக்கரங்கள் அதைப் பிடித்து முன்னால் வீசிவிடும். கரும்புச்சாறு வண்டியில் உருளைகள் கரும்பை உள்ளே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட் பயிற்சிக்கூடத்தில் பந்து வீசும் இயந்திரத்தையும் சிலர் பார்த்திருக்கலாம். அதே தத்துவம்தான். சின்ன மோட்டார், 130 என்ற அளவுக் குறியீடு கொண்டது. பிள்ளைகள் ஓட்டும் மினி ரேஸ் கார்களில் இருப்பதும் அந்த அளவுதான்.

பிறகு வளர்ச்சி வேகமாக நடந்தது. 2012இல் எலைட் வரிசை வந்தது, பெட்டியில் 75 அடி தூரம் என்று போட்டார்கள். நம் கணக்கில் 23 மீட்டர். 2013இல் ராபிட்ஸ்ட்ரைக். அதில் சக்கரங்களுக்கு மோட்டார் இருந்தது போதாதென்று, டார்ட்டை ஒவ்வொன்றாகச் சக்கரத்துக்குள் தள்ளவும் தனி மோட்டார். விசையை அழுத்திப் பிடித்தால் 18 டார்ட் கொண்ட மேகசின் சில விநாடிகளில் காலி. குழந்தை இப்போது செய்ய வேண்டியது ஒரு விரலை மடக்குவது மட்டும்.

இந்தச் சமயத்தில் இந்தப் பொம்மை பெரியவர்கள் கைக்கும் போயிருந்தது. 2005இல் மேரிலாந்து மாநிலத்தின் கவுச்சர் கல்லூரி மாணவர்கள் மனிதர்களும் ஜாம்பிகளும் என்று ஒரு வளாக விளையாட்டைத் தொடங்கினார்கள். ஜாம்பியைத் தடுக்க ஃபோம் டார்ட் சுடலாம், அல்லது சுருட்டிய சாக்ஸை எறியலாம். அது பல கல்லூரிகளுக்குப் பரவியது. சாக்ஸ் யோசனை நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும், செலவும் இல்லை. துவைத்த சாக்ஸாக இருந்தால் நல்லது.

இன்னொரு பக்கம், துப்பாக்கியைப் பிரித்துத் திருத்துகிற பொழுதுபோக்காளர்கள் பெருகினார்கள். ஸ்பிரிங்கை மாற்றினார்கள், வலுவான மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் போட்டார்கள். கட்டட இடுக்குகளை அடைக்கும் ஃபோம் கயிற்றை வாங்கி வெட்டி, முனையில் சின்ன எடை வைத்து, பசை துப்பாக்கியால் ஒட்டி, சொந்தமாகக் குட்டை டார்ட் செய்தார்கள். நீள டார்ட்டைவிடக் குட்டை டார்ட் வேகமாகவும் நேராகவும் போகும். கம்பெனிகள் இதைக் கவனித்துக்கொண்டிருந்தன. 2015இல் ஹாஸ்ப்ரோ ரைவல் வரிசையைக் கொண்டுவந்தது. டார்ட்டுக்குப் பதில் குட்டி உருண்டைகள், விநாடிக்கு 100 அடி வேகம். அந்த வரிசையின் ஜீயஸுக்கு ஆறு சி அளவு பேட்டரி. 2019இல் அல்ட்ரா, 120 அடி தூரம் என்ற விளம்பரத்தோடு. அதில் அல்ட்ரா டார்ட் தவிர வேறெதுவும் பொருந்தாது என்பதை வாங்கிய பிறகு கண்டுபிடித்தவர்கள் ஏராளம். பின்னர் டார்ட் சோன் போன்ற போட்டிக் கம்பெனிகள் பொழுதுபோக்காளர்களுக்கென்றே ப்ரோ வரிசை கொண்டுவர, 2023இல் ஹாஸ்ப்ரோவும் குட்டை டார்ட் சுடும் ஸ்ட்ரைஃப் எக்ஸ் என்ற மாதிரியை அறிவித்தது. விநாடிக்கு 150 அடி வரை.

எண்களைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். சாதாரண எலைட் வகை டார்ட் ஏறக்குறைய ஒரு கிராம், வேகம் விநாடிக்கு 70 அடி அளவில். வேகம் 70இலிருந்து 100 ஆனால் அடியின் ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆகாது, இரண்டு மடங்கு ஆகும். 150 ஆனால் நாலரை மடங்கு. பத்தாம் வகுப்பில் படித்த அரை எம்.வி. ஸ்கொயர்தான் இது. முதுகில் பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். கண் என்றால் கணக்கு வேறு.

2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள், ஃபோம் துப்பாக்கியால் காயமடைந்து வந்த மூன்று பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவர் பெரியவர்கள், ஒருவன் 11 வயதுச் சிறுவன். மூவருக்கும் கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையில் இரத்தம் கசிந்திருந்தது. மங்கலும் வலியுமாக வந்தவர்கள் சொட்டு மருந்தில் தேறினார்கள். ஆனால் இப்படிப்பட்ட காயம் பிற்காலத்தில் பார்வையைப் பாதிக்கலாம் என்று எச்சரித்த மருத்துவர்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும் என்றும், பெட்டியில் போட்டிருக்கும் வயது சரிதானா என்று யோசிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வேறு தயாரிப்பு டார்ட்டுகளின் தலை கெட்டியாக இருப்பதையும் குறிப்பிட்டார்கள். இந்தப் பத்தியைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

என் பேரனுக்கு நான் வாங்கிய பெட்டியில் 14+ என்று போட்டிருந்தது. பார்த்தேன். பையன் கெட்டிக்காரன், சமாளிப்பான் என்று நினைத்தேன். 14 என்பது கெட்டிக்காரத்தனத்துக்கான எண் என்று எடுத்துக்கொண்டேன். செஸ் போர்டு பெட்டியில் போடுவது போல. அது அப்படி இல்லை. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருளைத்தான் பொம்மை என்று கணக்கில் எடுக்கிறது. ஆக, 14+ என்று அச்சடித்த பெட்டி, "நான் குழந்தைகளுக்கான பொம்மை இல்லை" என்று தன் வாயாலேயே சொல்கிறது. 1970இல் முதியவர்களுக்கு அடிபடாது என்று சொன்ன அதே பரம்பரையின் பெட்டிதான். அந்தப் பழைய உறுதியை அவர்கள் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்ட இடம் இந்த 14+.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பொம்மைகள் ஏன் ஆரஞ்சும் மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? 1987இல் கலிபோர்னியாவில் லேசர் டேக் விளையாடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞரை, கையில் இருப்பது உண்மைத் துப்பாக்கி என்று நினைத்துக் காவலர் ஒருவர் சுட்டுவிட்டார். இளைஞர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு வந்த அமெரிக்கச் சட்டம், பொம்மைத் துப்பாக்கியின் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு அடையாளம் வேண்டும் என்றது. 2014இல் கிளீவ்லாந்தில் பூங்காவில் இருந்த 12 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது அவன் கையில் இருந்த பொம்மையில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. நம் ஊர் நிலைமை வேறு. ஆனாலும் வாசலில் நிற்கும் நம் செக்யூரிட்டிக்கு இரவு எட்டு மணிக்கு என்ன தெரியும்? கறுப்புப் பெயிண்ட் அடித்தால் ஸ்டைலாக இருக்கும் என்று சி பிளாக் பெரிய பையன்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. வேண்டாம் தம்பிகளே.

சரி, வாங்குவதானால் எதை வாங்குவது? நம் பின்புறத் தோட்டத்தை டேப் வைத்து அளந்தேன். நீளம் 18 மீட்டர், அகலம் 12. அதில் வேப்பமரத்தைச் சுற்றிய மேடையும் பெஞ்சும் போக, பிள்ளைகள் எதிரெதிரே நிற்கும் தூரம் ஏழெட்டு மீட்டர்தான். பெட்டியில் உள்ள 23 மீட்டரும் 36 மீட்டரும் நமக்கு எதற்கு? தூரம் அதிகம் என்றால் வேகம் அதிகம் என்றுதான் பொருள். இங்கே அந்த வேகம் முழுதும் முகத்துக்கு அருகில்தான் வந்து சேரும். நான் தூரத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பெட்டியை எடுத்ததும் முதலில் வயதைப் பாருங்கள். 8+ என்று இருந்தால் மேலே படியுங்கள், 14+ என்றால் வைத்துவிடுங்கள். அடுத்து ஐ.எஸ்.ஐ. முத்திரை. இறக்குமதிப் பொம்மைகளின் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறிவிட்டது. பிராண்டட் சாமான் விலை கண்ணைக் கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். மலிவு நகல்கள் பெருகியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். நகலில் துப்பாக்கியைவிட டார்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். தலையை நகத்தால் அழுத்திப் பாருங்கள், குழிந்து எழும்ப வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் வேண்டாம். எல்லாரும் ஒரே அளவு நீள டார்ட் வாங்கினால் இன்னும் நல்லது. யார் டார்ட் யாருடையது என்ற சண்டை மிச்சம்.

மோட்டார் வகையில் இரண்டு விசை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கீழ் விசையை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுழலத் தொடங்கும், மேல் விசையை இழுத்தால் ஒரே ஒரு டார்ட் போகும். ஒவ்வொரு டார்ட்டுக்கும் ஒரு தடவை இழுக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் கொட்டித் தீர்க்கிற முழுத் தானியங்கி வேண்டாம். சக்கரம் சுழலும்போது வரும் ங்ங்ங் என்ற சத்தத்தைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கிறது. சுடப்போகிறான் என்று அரை விநாடி முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. ஸ்பிரிங் இழுக்கிற அந்தப் பழைய இடைவெளியில் மிஞ்சியது அவ்வளவுதான்.

பேட்டரி நாலு ஏஏ போதும். பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்குவதாக இருக்கட்டும். ரீசார்ஜ் கட்டை ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் வேகம் சற்றுக் குறையும். குறையட்டும், பாதகமில்லை. அதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியம் கட்டையும் கிடைக்கிறது, இணையத்தில் அதைப் போடச் சொல்லித் தருகிறார்கள். போட்டால் வேகம் கூடும், மோட்டார் சூடாகும், பிறகு கருகிய வாடை வரும். நாற்பது ஆண்டு அந்த வாடையில் இருந்தவன் சொல்கிறேன். அண்ணன் வைத்திருந்தது, கசின் கொடுத்தது என்று பழையது வந்தால் ஸ்குரூ தலைகளைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

முதல் துப்பாக்கியாக மோட்டாரே வேண்டாம் என்பது என் கட்சி. கையால் இழுக்கும் ஸ்பிரிங் வகையில் ஒரு வருஷம் விளையாடட்டும். பேட்டரிச் செலவும் இல்லை. என் பேரனிடம் இப்போது இருப்பது அதுதான். "கை வலிக்குது தாத்தா" என்று இருபது நிமிஷத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். பழையது என் அலமாரியில், பேட்டரி கழற்றி, பூட்டி வைத்திருக்கிறேன். பதினாலு வயது ஆகட்டும், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். விரலை மடக்கி ஆண்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தான்.

முழுத் தடைக்கு நான் ஆதரவில்லை. பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் யோசனை இது. மாலை நாலரை முதல் ஐந்தரை வரை, பின்புறத் தோட்டத்தில் மட்டும் விளையாடலாம். அந்த நேரம் பெஞ்சை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்திவிட வேண்டும். 14+ வகை வளாகத்துக்குள் வேண்டாம். கண்ணாடி போடாதவர் ஆட்டத்தில் இல்லை, அம்பயராக நிற்கும் பெரியவரும் போட வேண்டும். பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் பக்கவாட்டு மறைப்புள்ள பாலிகார்பனேட் கண்ணாடிதான் வேண்டும். இன்னொன்று, ஆட்டம் முடிந்ததும் டார்ட்டுகளை எண்ணிப் பொறுக்க வேண்டும். போன மாதம் மழைநீர் வடிகால் அடைத்ததே, பிளம்பர் வெளியே எடுத்ததில் பதினோரு டார்ட் இருந்தது.

ஏ பிளாக் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். புதுச் சட்டம் போட்ட கண்ணாடியோடு உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்கள். பெஞ்சை நகர்த்த வேண்டாம், எனக்கும் ஒரு கண்ணாடி வாங்கிவிடுங்கள், நான் அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார்கள்.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும். கண்ணாடி வேண்டுவோர் பிளாக், வீட்டு எண், எத்தனை என்பதை வரும் சனிக்கிழமைக்குள் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதிவைக்கவும். சின்ன அளவு, பெரிய அளவு இரண்டும் உண்டு. அந்த அம்மாவுக்கு ஒன்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்.